ஓராண்டும் ஒரு நாளும்

'நகரக் காற்று விடுதலை தரும்.' இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தில் இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவதற்கு வசதியான வாக்கியம். பிரபுவின் நிலத்தில் கட்டுண்டு கிடக்கும் பண்ணையாள் நகரத்துக்குத் தப்பி வருகிறான். ஓராண்டும் ஒரு நாளும் அங்கே தங்கிவிடுகிறான். அதற்குள் பிரபு வந்து உரிமை கோரவில்லையென்றால் அவன் சுதந்திர மனிதன்.

விதி உண்மைதான். 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இங்கிலாந்தின் நியூகாசில் நகர வழக்கங்களிலேயே 'ஓராண்டும் ஒரு நாளும்' வந்துவிடுகிறது. வாக்கியம்தான் இடைக்காலத்துடையது அல்ல. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சட்ட வரலாற்றாளர்கள் அதைப் பழமொழிபோலச் செதுக்கிக் கொடுத்தார்கள். நாம் அதை இடைக்காலத்தின் குரலாகவே நம்பிக்கொண்டோம்.

ஒருநாள் வகுப்பில், பின்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள்: "மேம், ஓடி வந்தது பொண்ணா இருந்தா?"

நான் சட்டென்று, "அவளுக்கும் அதே விதிதான்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் பதிலும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓராண்டும் ஒரு நாளும் அவள் எங்கே தங்கியிருப்பாள்? யார் வீட்டில்? என்ன வேலை செய்து சாப்பிட்டிருப்பாள்? விடுதலை என்று நாம் சொல்வது அந்த வீட்டின் வாசலுக்கு வெளியேயா, உள்ளேயா?

கிராமத்தை விட்டு ஓடுவதற்கு அவளுக்குக் கூடுதல் காரணங்கள் இருந்தன. பண்ணையடிமைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு 'மெர்ச்செட்' என்று பெயர். நகரத்துக்கும் அவள் தேவைப்பட்டாள். அந்தக் கால நகரங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். வெளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் நகரம் உயிரோடு இருக்கும். அப்படி வந்தவர்களில் பெண்கள் ஏராளம். பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகளாக நுழைந்தார்கள். சிலர் வேறொரு கதவு வழியாக நுழைந்தார்கள். அந்தக் கதவைத்தான் நான் பல காலம் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரைன் நதிக்கரையில் உள்ள கொலோன், இடைக்கால ஜெர்மன் நகரங்களிலேயே மிகப் பெரியது. மக்கள்தொகை சுமார் 40,000. நதிவழி வரும் வணிகர்கள் சரக்கை இறக்கி நகரத்தாருக்கு விற்பனைக்கு வைத்த பிறகே மேலே போகலாம் என்ற உரிமையை 1259இல் அது பெற்றிருந்தது. 1396இல் அந்த நகரத்தில் ஆட்சி மாறியது. பழைய பணக்காரக் குடும்பங்களின் பிடியை உடைத்து, வணிகர்களும் கைவினைஞர்களும் 22 அரசியல் குழுக்களாகத் திரண்டு ஒரு சாசனம் எழுதினார்கள். அந்தக் குழுக்களுக்குக் 'காஃபல்' என்று பெயர். நகர மன்றத்தில் 49 பேர். அவர்களில் 36 பேரைக் காஃபல்கள் தேர்ந்தெடுக்கும், மீதியை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். ஐரோப்பிய நகர வரலாற்றில் இதை மக்களாட்சியின் முன்னோடியாகப் பேசுவது வழக்கம்.

மறு ஆண்டே, 1397இல், நூல் தயாரிக்கும் பெண்களின் தொழிற்குழுவை அந்தப் புதிய மன்றம் அங்கீகரித்தது. கொலோனின் நீலச் சாயமிட்ட லினன் நூல் கடல் கடந்து இங்கிலாந்துவரை போய்க்கொண்டிருந்தது. அதன் தரத்தைக் காப்பாற்ற விதிகள் வேண்டியிருந்தன; அதைச் செய்பவர்கள் பெண்கள்; ஆகவே பெண்களின் கில்டு. அதே ஆண்டு பொன்னிழை நூற்கும் பெண்களுக்கும் விதிமுறை வந்தது. 1437இல் பட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கு வந்தது. ஐரோப்பாவில் பெண்களுக்கென்றே தனியான கில்டுகள் இருந்த நகரங்கள் மிகச் சில. பாரிஸ், ரூவான், கொலோன் என்று எண்ணிவிடலாம்.

பட்டுப் பெண்களின் கில்டைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். ஒரு பெண் நான்கு ஆண்டுகள் தொழில் பழக வேண்டும். அதன்பின் தன் பெயரில் தொழில் நடத்தலாம். தானும் தொழில் பழகும் பெண்களை வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் கூடாது. கில்டின் நிர்வாகத்துக்கு இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பழகுநர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். 1437 முதல் 1504 வரை 116 தலைவிகளும் அவர்களிடம் பழகிய 765 பெண்களும் அதிலிருந்து தெரியவருகிறார்கள். இடைக்காலத்துச் சாதாரணப் பெண்கள் 765 பேர், பெயரோடு! வரலாறு படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புதையல் என்று தெரியும்.

அந்தத் தலைவிகளில் ஒருத்தி ஃபீகென் லுட்சன்கிர்ஷென். 1474இல் தலைவியானாள். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில் நடத்தி, இருபதுக்கும் அதிகமான பெண்களைப் பழக்கினாள். மகள் லீஸ்பெத்தும் இதே தொழிலுக்கு வந்தாள். நகரின் பெரும் செல்வந்தர் வரிசையில் அந்தக் குடும்பம் இருந்தது. வகுப்பில் ஃபீகெனைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசியிருக்கிறேன். 'இருண்ட காலம் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் ஒரு பெண் முதலாளி!' என்று.

பின்வரிசைக் கேள்விக்குப் பிறகு அதே தகவல்களைத் திரும்பப் படித்தேன்.

ஃபீகெனின் கணவன் பீட்டர் பெரு வணிகன். நகர மன்ற உறுப்பினன். இது அவர்கள் வீட்டில் மட்டும் நடந்த தற்செயல் அல்ல. பட்டுத் தலைவிகளில் பலரின் கணவர்கள் பட்டு வணிகர்கள். கச்சாப் பட்டு கொலோனில் விளைவதில்லை. இத்தாலியிலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் வரவேண்டும். அதை வாங்க முதல் வேண்டும், தொலைதூரத் தொடர்பு வேண்டும், கடன் வாங்கும் தகுதி வேண்டும். கணவன் கச்சாப் பட்டை வாங்கி வருகிறான். மனைவி அதைப் பண்டமாக்குகிறாள். கணவன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறான். கில்டு பெண்ணின் பெயரில் இருந்தாலும், வாசலின் இரண்டு பக்கமும் கணவன் நின்றான். மார்க்ரெட் வென்ஸ்கி என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1980இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடி எழுதியிருக்கிறார்.

அரசியலிலோ கதவே கிடையாது. 1396 சாசனத்தின்படி மன்றத்துக்குப் போகும் வழி காஃபல் வழி. பெண்களின் கில்டுகளுக்கு அதில் வாக்கும் இல்லை, இடமும் இல்லை. அவர்களின் விதிமுறைகளை எழுதி முத்திரையிட்டது மன்றம். அந்த மன்றத்தில் அமர்ந்தவர்கள் அவர்களுடைய கணவர்கள், அண்ணன்கள், மாமனார்கள். நூலில் கலப்படம் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு பெண்ணுக்குத் தகுதி உண்டு. அந்த நூலுக்கு எவ்வளவு வரி என்று சொல்ல அவளுக்குத் தகுதி இல்லை.

'தொழில் பழகும் மகள்' என்ற பொருள்படும் சொல்லால்தான் கொலோன் ஆவணங்கள் பழகுநர்களைக் குறிக்கின்றன. அழகான சொல். தலைவியின் வீட்டிலேயே தங்கி, அவள் போடுவதைச் சாப்பிட்டு, நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டும். 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று வேலைக்காரப் பெண்ணைச் சொல்லும் வீடுகளை நமக்குத் தெரியும். மகள் என்று சொல்லிவிட்டால் கூலி பற்றிப் பேச நா எழாது.

இந்த மகள்களாவது பதிவேட்டில் இருக்கிறார்கள். இவர்களுக்கும் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. கூட்டிலிருந்து எடுக்கும் பட்டு இழை மிக மெல்லியது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றினால்தான் தறிக்கோ தையலுக்கோ ஆகும். முறுக்கேற்றுவதற்கு முதல் தேவையில்லை. விரலும் கண்ணும் பொறுமையும் போதும். இந்த வேலையைத் தலைவிகள் வெளியே கொடுத்தார்கள். வாங்கிச் செய்தவர்கள் ஏழைப் பெண்கள். 1456இல் இவர்களுக்கும் ஒரு விதிமுறை வந்தது. அதன் பின்னணியில் இருந்த புகார்களில் ஒன்று, கூலியைக் காசாகத் தராமல் துணியாகவும் சரக்காகவும் தருகிறார்கள் என்பது. துணியை வைத்து ரொட்டி வாங்க முடியாது. அதை விற்க வேண்டும். அவசரத்துக்கு விற்கிறவளுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

கூலிக்குப் பதில் துணி கொடுத்தவர்கள் யார்? நான் வகுப்பில் கொண்டாடிய தலைவிகளும் அவர்களுடைய வணிகக் கணவர்களும்தான்.

இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம் என்று சொன்னால் சரியாக இருக்காது. வெட்கம் என்பதே பொருத்தம். பெண்கள் வரலாறு என்ற பெயரில் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பெண் முதலாளியின் வரலாறு. முறுக்கேற்றியவளின் விரல்கள் அதற்குள்ளேயே இருந்தன, நான் எண்ணவில்லை.

பாரிஸிலும் இதே அடுக்கு. 1268 வாக்கில் எத்தியேன் புவாலோ என்ற நகர அதிகாரி பாரிஸின் தொழில்களின் விதிமுறைகளையெல்லாம் திரட்டிப் புத்தகமாக்கினார். சுமார் நூறு தொழில்கள். அவற்றில் சில முழுக்கப் பெண்களுடையவை. பெரிய கதிரில் பட்டு நூற்பவர்களுக்கு ஒரு விதி, சிறிய கதிரில் நூற்பவர்களுக்குத் தனி விதி. அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் பெண்களின் தொழில் எனப்பட்டவை சிலவற்றிலும் மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்டவர்கள் ஆண்கள். கொடுத்த பட்டை நூற்பவள் அடகு வைத்துவிடக் கூடாது என்பது வணிகர்களின் தீராத கவலை. அடகு வைக்கும் நிலைக்கு அவள் ஏன் வந்தாள் என்று அந்தப் புத்தகம் கேட்கவில்லை. கேட்பது அதன் வேலையும் அல்ல.

லண்டன் கதை வேறு மாதிரி. அங்கே பட்டுப் பெண்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். தொழில் பழக்கினார்கள், கடன் கொடுத்தார்கள், அரண்மனைக்குச் சரக்கு விற்றார்கள். லண்டன் வழக்கப்படி, மணமான பெண் தனியாக வணிகம் செய்தால் அந்த வணிகத்தைப் பொறுத்தவரை அவளைத் தனிப்பெண்ணாகவே கருதலாம். அவள் கடனுக்கு அவளே பொறுப்பு. ஆனால் அவர்களுக்குக் கில்டு இருந்ததே இல்லை. கில்டு இல்லாமல் எப்படிக் கூட்டாகப் பேசுவது? மனு எழுதினார்கள். 1368இல், நிக்கோலஸ் சார்துச் என்ற இத்தாலிய வணிகன் நகரத்துப் பட்டையெல்லாம் வளைத்து வாங்கி விலையை ஏற்றிவிட்டான் என்று புகார் செய்தார்கள். 1455இல் நாடாளுமன்றம்வரை போய், அயல்நாட்டிலிருந்து பட்டு நாடா போன்ற சிறு பண்டங்கள் வருவதைத் தடைசெய்யும் சட்டத்தை வாங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தத் தொழிலை நம்பியிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தில் வருகிறது. மனு எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது உண்டு, அது போகட்டும். அந்த மனுக்களில் என்னை உறுத்துவது இன்னொன்று: அந்நியனைக் கைகாட்டினால்தான் ராஜாவின் காது திறக்கும் என்று இந்தப் பெண்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர் மரியன் டேல் என்ற பெண் வரலாற்றாசிரியர், 1933இல். அதுவரை ஐந்து நூற்றாண்டுகள் அந்த மனுக்கள் ஆவணக் கட்டுகளில் சும்மா கிடந்தன.

கணவன் வீடு வேண்டாம், கன்னியர் மடமும் வேண்டாம் என்று நினைத்த பெண்களும் நகரங்களுக்கு வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ், வட பிரான்ஸ், ரைன் கரை நகரங்களில் 'பெகீன்' என்ற பெண்கள் பெருகினார்கள். நிரந்தரமான துறவு வாக்குறுதி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், திருமணமும் செய்துகொள்ளலாம். ஒன்றாகத் தங்கி, நூற்று, நோயாளிகளைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார்கள். புரூஜ் நகரத்தில் 1245இல் நிறுவப்பட்ட பெகீன் வளாகம் இன்றும் இருக்கிறது. பாரிஸில் மன்னர் ஒன்பதாம் லூயியே அவர்களுக்கு ஒரு வளாகம் அமைத்துக் கொடுத்தார். கொலோனிலும் ஏராளமான பெகீன் வீடுகள் இருந்தன.

அந்த மாணவியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஓரளவு நேரான பதில் இவர்கள்தான். ஓடி வந்த பெண் யாருடைய மகளாகவும் யாருடைய மனைவியாகவும் இல்லாமல் தங்குவதற்கு நகரத்தில் இருந்த கூரை இது. ஆண் தலைவன் இல்லாத வீடு.

அந்த வீட்டை நகரமும் திருச்சபையும் எத்தனை நாள் பொறுத்தன? மார்கரீத் போரெத் என்ற பெண் கடவுளோடு ஆன்மா கலப்பதைப் பற்றித் தன் தாய்மொழியில், பிரெஞ்சில், ஒரு நூல் எழுதினாள். நூலை ஏற்கெனவே ஒருமுறை கொளுத்தியிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பாரிஸில் விசாரணைக்கு நிறுத்தியபோது பதில் சொல்ல மறுத்தாள். சத்தியப் பிரமாணம் எடுக்கவும் மறுத்தாள். 1310 ஜூன் 1 அன்று கிரேவ் சதுக்கத்தில் அவளை எரித்தார்கள். ஆவணங்கள் அவளைப் பெகீன் என்றே குறிக்கின்றன. அடுத்து 1311-12இல் கூடிய வியன் திருச்சபைப் பேரவை பெகீன்களின் வாழ்க்கை முறையையே கண்டித்து ஆணையிட்டது. பல ஊர்களில் வீடுகள் கலைந்தன. சில ஊர்களில் நகர அதிகாரிகளின் பாதுகாப்பில் தப்பின. தப்பிய வீடுகளிலும் பெண்கள் நெய்து விற்பதைக் கில்டுகள் முறைத்துப் பார்த்தன: கணவனும் பிள்ளையும் இல்லாதவள் மலிவாக வேலை செய்துவிடுவாள் என்று.

மார்த்தா ஹவல் 1986இல் எழுதிய நூலில் கொலோனையும் லெய்டனையும் ஒப்பிட்டு ஒரு விளக்கம் தருகிறார். வீடே பட்டறையாக இருந்தவரை பெண்ணால் உயர்ந்த இடத்தில் நின்று தொழில் செய்ய முடிந்தது. தொழில் வீட்டைவிட்டு வெளியேறியபோதும், கில்டு அரசியல் அமைப்பாக மாறியபோதும் அவள் வெளியே தள்ளப்பட்டாள் என்பது அவர் வாதம். ஜூடித் பென்னட் இதற்கு முரண்பட்டவர். தள்ளப்படுவதற்கு அப்படியொரு பொற்காலம் இருந்ததா என்று கேட்கிறார். இங்கிலாந்தில் வீட்டிலேயே ஏல் காய்ச்சி விற்ற பெண்களைப் பற்றிய 1996ஆம் ஆண்டு நூலில், தொழில் லாபகரமானபோது அது ஆண் கைக்குப் போய்விட்டதைக் காட்டுகிறார். நான் நெடுநாள் ஹவல் பக்கம் இருந்தேன். இப்போது ஃபீகெனைப் பற்றிப் பேசும்போது ஹவல் சரியென்று படுகிறது. முறுக்கேற்றியவளைப் பற்றிப் பேசும்போது பென்னட் சரியென்று படுகிறது. ஒரே தொழில், ஒரே நகரம், சில தெருக்கள்தான் தள்ளி. எந்தப் பெண்ணை நடுவில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வரலாறு வேறாகிவிடுகிறது.

16ஆம் நூற்றாண்டில் கொலோன் பட்டுத் தொழிலில் தலைவிகளின் பிடி தளர்ந்தது. முதல் வைத்திருந்த வணிகர்கள் நேரடியாக வேலை கொடுத்து வாங்கத் தொடங்கினால், நடுவில் தலைவி எதற்கு? கீழே முறுக்கேற்றியவளுக்கு இதனால் என்ன மாறியது? வேலை கொடுப்பவர் மாறினார். கூலி கேட்டு நிற்கும் வாசல் மாறியது.

1396இல் ஆட்சியைப் பிடித்த கொலோன் காஃபல்கள் தங்கள் வெற்றியின் அடையாளமாக, 1407 முதல் 1414 வரை நகர மன்றக் கட்டடத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் சிதைந்த அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டி, அண்மைக் காலத்தில் நகர வரலாற்று மாந்தர்களின் 124 சிலைகளை அதன் வெளிச்சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். ஃபீகென் லுட்சன்கிர்ஷெனுக்கும் அங்கே சிலை உண்டு. உயிரோடு இருந்தபோது உள்ளே அமர முடியாத மன்றத்தின் வெளிச்சுவரில் நிற்கிறாள்.

அந்த நகரத்தின் வரலாற்று ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3 அன்று, பக்கத்தில் மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தபோது, இடிந்து விழுந்தது. அண்டை வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். ஆயிரம் ஆண்டுகளின் காகிதமும் தோல் சுவடியும் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் அடியில் போயின. பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள், ஆனால் கிழிந்தும் நனைந்தும் துண்டு துண்டாக. துண்டுகளை உலர்த்தி, சுத்தம் செய்து, எது எதோடு சேரும் என்று பார்த்து ஒட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்கிறார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அந்த 765 பெயர்களின் நினைவுதான் வந்தது. அச்சிட்ட நூல்களில் இருப்பதால் அவை எப்படியும் தப்பும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். முறுக்கேற்றிய பெண்களுக்குப் பதிவேடு இல்லை. 1456இல் அவர்கள் கேட்டது காசாகக் கூலி.